தண்ணீர் எங்கே போகிறது? சம்ப்பிலிருந்து செடித்தொட்டி வரை அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் மீட்டர் கிடையாது. குடிநீர் வாரியம் விடும் மெட்ரோ வாட்டருக்கு எவ்வளவு புழங்கினாலும் ஒரே கட்டணம், போர் தண்ணீருக்கு மின்கட்டணம், லாரிக்காரர் கேட்பதைக் கொடுக்க வேண்டியது. அதனால் வீட்டுக்குள் எவ்வளவு வந்தது, எவ்வளவு வீணானது என்று யாருக்கும் தெரிவதில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நாட்களில்கூட எத்தனையோ வீட்டு ஃப்ளஷ் டேங்குகள் சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

பல் தேய்க்கும்போது குழாயை மூட வேண்டும் என்பதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும், அதை விட்டுவிடலாம். நீங்கள் திறக்காமலே போகும் தண்ணீரைப் பிடிப்பதுதான் இங்கே வேலை. அதற்கு மொட்டைமாடி டேங்கையே மீட்டராக வைத்துக்கொள்ளலாம்.

ஒருமுறை மட்டும் கணக்குப் போட்டு வையுங்கள். உள்ளே 1 மீட்டர் குறுக்களவுள்ள உருளை டேங்கில் தண்ணீர் 1 செ.மீ. இறங்கினால் சுமார் 8 லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். தரைக்கு அடியில் இருக்கும் சம்ப் 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் என்றால் 1 செ.மீ.க்கு 30 லிட்டர். உங்கள் வீட்டு அளவுக்கு இந்த இரண்டு எண்களையும் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்துச் சுவரில் எழுதிவிடுங்கள். அளக்க ஒரு நீளக் கம்பும் சாக்கட்டியும் போதும். சம்ப்பை மேலிருந்தே கம்பு விட்டு அளக்க வேண்டும். என்ன காரணத்துக்காகவும் உள்ளே இறங்காதீர்கள். மூடிக் கிடந்த தொட்டியில் மூச்சு விடக் காற்று இருக்காது. அதில் போன உயிர்கள் நிறைய.

யாரும் புழங்காமலே இரவில் டேங்க் இறங்குகிறது

இதிலிருந்து ஆரம்பியுங்கள். வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஓரிரு முறை இந்தச் சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது.

படுக்கப் போகும் முன் டேங்கின் மேல்விளிம்பிலிருந்து தண்ணீர்மட்டம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி அளந்து பாருங்கள். அரை செ.மீ. வித்தியாசம் கம்பு பிடித்த கைப்பிசகாக இருக்கலாம். 2 செ.மீ. இறங்கியிருந்தால் 16 லிட்டர் போயிருக்கிறது. அதுவும் படுத்து எழுந்த நேரத்துக்குள். பகலுக்கும் சேர்த்தால் இரண்டு, மூன்று மடங்கு.

சரி, இறங்கியிருக்கிறது. அடுத்த இரவு டேங்கிலிருந்து கீழே போகும் எல்லா கேட் வால்வுகளையும் மூடிவிட்டு அளந்து பாருங்கள்.

மூடியும் இறங்கினால் கோளாறு மேலேயே இருக்கிறது. டேங்குக்கு அடியில் ஈரமோ பாசியோ தெரிகிறதா? தெரிந்தால் விரிசல், அல்லது குழாய் பொருத்திய இடத்தில் கசிவு. அடி காய்ந்திருக்கிறது, ஆனாலும் மட்டம் இறங்குகிறது என்றால் மோட்டாரிலிருந்து ஏறி வரும் குழாயைப் பாருங்கள். அதன் நுனி டேங்குக்குள் தண்ணீரில் மூழ்கி இருந்து, கீழே என்.ஆர்.வி. எனப்படும் ஒருவழி வால்வும் பழுதாகியிருந்தால், மோட்டாரை நிறுத்தியதும் தண்ணீர் வந்த வழியே சம்ப்புக்கோ போருக்கோ திரும்பிப் போகும். தண்ணீர் பெரும்பாலும் வீணாவதில்லை, மின்சாரம் வீணாகிறது. குழாயின் நுனியை நிறைமட்டத்துக்கு மேலே இருக்கும்படி வெட்டிவிட்டால் காற்று புகுந்து இந்த ஓட்டம் நின்றுவிடும். ஒருவழி வால்வை அப்புறம் நிதானமாக மாற்றிக்கொள்ளலாம்.

எல்லா வால்வையும் மூடினால் மட்டம் அசையவில்லை என்றால் கசிவு வீட்டுக்குள் இருக்கிறது. ஒவ்வோர் இரவும் ஒரு லைனை மட்டும் திறந்துவைத்துப் பாருங்கள். இன்று சமையலறை, நாளை ஒரு பாத்ரூம். பொறுமை இல்லாதவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகும் நேரத்திலும் இதைச் செய்யலாம், பெரிய கசிவு மூன்று நான்கு மணி நேரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். வால்வு பல வருஷமாகத் திருகப்படாமல் இறுகியிருந்தால் ஸ்பானர் போட்டு முறிக்க வேண்டாம். பிளம்பரைக் கூப்பிட்டு முதலில் வால்வை மாற்றுங்கள். மூட முடியாத வால்வு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

லைன் தெரிந்துவிட்டது, ஆனால் பாத்ரூமில் எதுவும் ஒழுகுவதாகத் தெரியவில்லை

பெரும்பாலும் ஃப்ளஷ் டேங்க்தான். தரையில் ஒரு சொட்டு விழாமல், கண்ணில் படாமல், நேராகக் கழிவுக்குப் போகிற கசிவு இது ஒன்றுதான். அதனால்தான் மாதக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை.

கேசரிக்குப் போடும் கலர் பொடி ஒரு சிட்டிகை எடுத்து ஃப்ளஷ் டேங்குக்குள் கரையுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் அடியிலுள்ள ரப்பர் வாஷர் ஒழுங்காக உட்காரவில்லை. போர் தண்ணீர் வீடுகளில் வாஷர் கெடுவதைவிட அதன்மேல் உப்பு படிவதே அதிகம். தண்ணீரை அடைத்துவிட்டு உள்ளே இருக்கும் அமைப்பைக் கழற்றி, வாஷரையும் அது உட்காரும் விளிம்பையும் வினிகரில் ஊறவைத்துத் துடையுங்கள். ரப்பர் விறைத்துப்போயிருந்தால் மாற்ற வேண்டியதுதான். கடைக்குப் போகும்போது பழையதைக் கையில் எடுத்துப் போங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், வாயால் சொல்லி வாங்க முடியாது.

நிறம் உடனே லேசாகி, ‘உஸ்’ என்ற சத்தமும் நிற்காமல் வந்தால் கோளாறு அடியில் இல்லை, மேலே. மிதவை சரியான மட்டத்தில் தண்ணீரை நிறுத்தவில்லை, மிஞ்சியது நடுக்குழாய் வழியாக வழிந்து போகிறது. மிதவையின் திருகைத் திருப்பி, தண்ணீர் அந்தக் குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி வையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மிதவை வால்வை மாற்ற வேண்டும். சுவருக்குள் புதைத்த டேங்க் என்றால் பொத்தான் உள்ள தட்டைக் கழற்றினால் கை போகும், சுவரை உடைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

பழைய டேங்க் ஒருமுறைக்குப் பத்து லிட்டருக்கும் மேல் கொட்டும். இப்போது வரும் இரட்டைப் பொத்தான் வகை 3 லிட்டர், 6 லிட்டர் என்று இரண்டு அளவில் விடும். டேங்குக்குள் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைப் போட்டு வைக்கும் யோசனையை எல்லாரும் சொல்வார்கள். பெரிய பழைய டேங்குக்கு அது சரி. ஒல்லியான பிளாஸ்டிக் டேங்கில் பாட்டில் மிதவையில் இடித்து வேறு வம்பைக் கொண்டுவரும். ஒருமுறை விட்டது போதாமல் இரண்டாவது முறையும் ஃப்ளஷ் செய்ய நேர்ந்தால் மிச்சம் எதுவும் இல்லை. செங்கல் வேண்டவே வேண்டாம், கரைந்து வாஷரில் போய் உட்காரும்.

கலர் இறங்கவில்லை, சத்தமும் இல்லை என்றால் அடுத்தது ஹெல்த் ஃபாசெட், அதாவது கக்கூஸில் கையில் பிடித்து அழுத்தும் தெளிப்பான். கைப்பிடியை அழுத்தாதபோதும் நுனியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். அதற்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக் என்ற சுவர் வால்வை எப்போதும் திறந்தே வைத்திருந்தால் டியூப் இரவும் பகலும் அழுத்தத்தில் கிடக்கும், ஆள் இல்லாத நேரத்தில் வெடித்தால் டேங்க் முழுக்கக் காலி. ஊருக்குப் போகும்போதாவது அதை மூடிவிட்டுப் போங்கள்.

டேங்க் நிறைய முன்பைவிட அதிக நேரம் ஆகிறது

கோடையில் போர் மட்டம் இறங்கினால் இது இயல்பு. சம்ப்பிலிருந்து ஏற்றும்போதும் நேரம் கூடியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். மோட்டார் ஓடும்போது மட்டும் ஒழுகும் கசிவு இரவுச் சோதனையில் சிக்காது.

இதைச் சுவரில் எழுதிய இரண்டு எண்கள் பிடித்துவிடும். மெட்ரோ வாட்டர் உள்ளே வராத நேரமாகப் பார்த்து, மோட்டார் போடும் முன்னும் பின்னும் சம்ப், டேங்க் இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். அந்த நேரம் வீட்டில் யாரும் குழாயைத் திறக்கக் கூடாது. டேங்க் 100 செ.மீ. ஏறியது, அதாவது 800 லிட்டர். அப்படியானால் சம்ப் சுமார் 27 செ.மீ. இறங்கியிருக்க வேண்டும். 35 செ.மீ. இறங்கியிருந்தால் 1,050 லிட்டர் கிளம்பி 800 மட்டும் மேலே போயிருக்கிறது. மீதி 250 லிட்டர் வழியில் எங்கோ மண்ணுக்குள் போகிறது. தரைக்கு அடியில் போகும் குழாயின் வளைவுகளையும், வெயில் பட்டு நொறுங்கிய பிவிசி இணைப்புகளையும் முதலில் பாருங்கள். கார் ஏறி இறங்கும் இடத்துக்கு அடியில் குழாய் போனால் அங்கேதான் முதல் சந்தேகம்.

இரண்டு அளவும் பொருந்துகிறது, ஆனால் நேரம் மட்டும் அதிகம் என்றால் தண்ணீர் வீணாகவில்லை. உறிஞ்சும் குழாயின் அடிநுனியில் இருக்கும் ஃபுட் வால்வில் அடைப்பு அல்லது மோட்டார் தேய்மானம்.

ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் இருந்தும் டேங்க் வழிகிறது

கன்ட்ரோலரை மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் டேங்குக்குள் தொங்கும் சென்சார் கம்பிகளை வெளியே எடுத்துப் பாருங்கள், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு. உப்புத் தண்ணீரில் கம்பி முனையில் வெள்ளைப் படிவம் ஏறிவிட்டால் தண்ணீர் தொட்டாலும் அதற்குத் தெரியாது. எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைத்துத் தேய்த்தால் பல நேரம் சரியாகிவிடும். கம்பியே அரித்துப்போயிருந்தால் மிதவை சுவிட்சுக்கு மாறுங்கள், போர் தண்ணீர் வீட்டுக்கு அதுவே தோது.

கன்ட்ரோலரே இல்லாத வீட்டில் வழிந்தால், வழிகுழாயின் வாய் தெருப் பக்கமோ பின்பக்கமோ இல்லாமல் கண்ணிலும் காதிலும் படும் இடத்தில் விழும்படி திருப்பிவிடுங்கள். சத்தம் கேட்டால் யாராவது ஓடிப்போய் நிறுத்துவார்கள்.

குழாய் சொட்டுகிறது

வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 லிட்டர். பல சுற்று திருகி மூடும் பழைய குழாயில் சில ரூபாய் வாஷர்தான் கெட்டிருக்கும். கால் சுற்றில் மூடும் குழாயில் வாஷர் இல்லை, உள்ளே பீங்கான் தட்டு வைத்த கார்ட்ரிட்ஜை முழுசாக மாற்ற வேண்டும். இன்னும் இறுக்கி மூடுவது எந்த வகைக்கும் வைத்தியம் அல்ல.

கீசரின் பாதுகாப்பு வால்வில் தண்ணீர் சுடும்போது மட்டும் சில சொட்டு விழுந்தால் அது கோளாறே இல்லை. அதை ஒருபோதும் அடைக்காதீர்கள். நாள் முழுக்கச் சொட்டினால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சுவரில் பெயின்ட் உப்பி உதிர்கிறது

மழை நாளில் மட்டும் வந்தால் வெளிச்சுவர். கோடையிலும் ஈரமாக இருந்தால் உள்ளே புதைத்த குழாய். கீசருக்குப் போகும் வால்வை ஒரு வாரம் மூடிவைத்துப் பாருங்கள். ஈரம் குறைந்தால் வெந்நீர் லைன், குறையாவிட்டால் மற்றது. இதைத் தெரிந்துகொண்டு கொத்தனாரைக் கூப்பிட்டால் பாதிச் சுவராவது தப்பும்.

குழாயைத் திறந்தால் பீய்ச்சி அடிக்கிறது

டேங்குக்கு இரண்டு மாடி கீழே இருக்கும் தரைத்தளத்தில் இது சகஜம். ஒரு வாளியில் 10 லிட்டர் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். முக்கால் நிமிஷத்துக்குள் நிறைந்தால், கை கழுவ அவ்வளவு வேகம் தேவையில்லை. வாஷ்பேசினுக்கு அடியிலுள்ள ஆங்கிள் காக்கைக் கொஞ்சம் மூடினாலே போதும், செலவு இல்லை. அது போதாவிட்டால் குழாய் நுனியில், தண்ணீரோடு காற்றைக் கலந்து விடும் ஏரேட்டர் மாட்டலாம்.

எல்லாக் குழாய்க்கும் ஏரேட்டர் மாட்டச் சொல்லும் விற்பனையாளரை நம்ப வேண்டாம். ஓடும் தண்ணீரில் கழுவும் இடங்களில்தான் அதற்கு வேலை, அதாவது வாஷ்பேசின், சமையலறை சிங்க். வாளியில் பிடித்துக் குளிப்பவருக்கு அதே வாளித் தண்ணீர்தான், நிறையத்தான் நேரம் ஆகும்.

ஆர்.ஓ. கழிவுக் குழாய் நிற்கவே இல்லை

ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிப்பது வீட்டு ஆர்.ஓ.வின் இயல்பு. ஆனால் அதன் தொட்டி நிறைந்ததும் கழிவும் நிற்க வேண்டும். நிறைந்த பிறகும் ஒழுகினால் தண்ணீரை அடைக்கும் வால்வோ மிதவை சுவிட்சோ போய்விட்டது. சர்வீஸ்காரர் வரும்வரை அதற்குத் தண்ணீர் போகும் வால்வைக் கையால் மூடிவைத்து, தேவைப்படும்போது மட்டும் திறங்கள்.

அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் தண்ணீருக்கு ஆர்.ஓ. வேண்டுமா? டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019இல் சொன்னது. தண்ணீரை ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுத்து, ஃப்ளூரைடு போன்ற சிக்கல் இல்லை என்று தெரிந்தால், யு.வி. வடிகட்டியோ காய்ச்சிய தண்ணீரோ போதும். கழிவுத் தண்ணீர் தரை துடைக்கவும் கக்கூஸுக்கு ஊற்றவும் ஆகும். தொட்டிச் செடிக்குத் தினமும் ஊற்றாதீர்கள், உப்பு சேரும்.

வாஷிங் மெஷின் நிரம்புவதும் வடிவதுமாகவே இருந்தால் மெஷினைக் குறை சொல்லும் முன் கழிவு டியூப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தரையில் போட்டிருந்தால் உள்ளே ஏறும் தண்ணீர் தானாக இழுத்துக்கொண்டு வெளியேறும். கம்பெனி கையேட்டில் சொன்ன உயரத்தில் மாட்டிவிட்டால் தீர்ந்தது.

தினமும் ஊற்றியும் செடி வாடுகிறது

தோட்டத்துக்கு வருவோம். இங்கே கசிவைவிடப் பாசம்தான் அதிகத் தண்ணீரைத் தின்கிறது.

மத்தியான வெயிலில் பூசணி, பீர்க்கு, செம்பருத்தி எல்லாம் இலையைத் தொங்கப் போடும். சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் அதற்குத் தண்ணீர் தேவையில்லை, வேர் இழுப்பதைவிட வேகமாக இலை இழக்கிறது, அவ்வளவுதான். காலையிலேயே வாடி நின்றால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் உடனே ஊற்றிவிடாமல் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஈரமாக இருந்து செடி வாடினால் வேர் அழுகுகிறது. அதற்கு மேலும் ஊற்றினால் செடிக்கு நீங்களே கொள்ளி வைக்கிறீர்கள். கறிவேப்பிலையும் துளசியும் தொட்டியில் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

மேல்மண் மட்டும் நனைந்து அடி காய்ந்திருந்தால், தினமும் கொஞ்சம் தெளித்து வந்திருக்கிறீர்கள். வேர் மேலேயே சுற்றும், ஒரு நாள் வெயிலுக்கும் தாங்காது. தரையில் வைத்த செடிக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, ஆனால் ஆழமாக நனையும்படி விடுங்கள். அப்புறம் மூடாக்கு. சருகு, காய்ந்த புல், தேங்காய் நார், எது கிடைத்தாலும் மூன்று அங்குலம் கனத்துக்குப் போடுங்கள், தண்டை ஒட்டாமல். வெயில் மண்ணைத் தொடவில்லை என்றால் ஈரம் நிற்கும். கூட்டிப் பெருக்கி மண்ணைப் பளிச்சென்று வைத்திருக்கும் தோட்டம் பார்வைக்கு அழகு, தண்ணீருக்குத் தண்டனை.

தென்னைக்கு அடித்தண்டை ஒட்டி ஊற்றுவது இன்னொரு வீண். உறிஞ்சும் வேர்கள் தள்ளித்தான் இருக்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி. அதில் 100 உரிமட்டைகளைக் குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி மூடாக்காகப் போடலாம். மட்டை இல்லாவிட்டால் 15 காய்ந்த ஓலைகள் போதும்.

ஊற்றியதும் தொட்டியின் அடியில் வந்துவிடுகிறது

தொட்டி நனைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கட்டியாகக் காய்ந்த மண்ணும் தேங்காய் நார்க்கழிவும் சுருங்கி ஓரத்தில் இடைவெளி விடும், தண்ணீர் அந்த வழியே ஓடிவிடும். ஒரு குவளை ஊற்றி, பத்து நிமிஷம் விட்டு, மறுபடி ஊற்றுங்கள். ரொம்பக் காய்ந்திருந்தால் தொட்டியையே ஒரு டப் தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். மண்ணைக் கிளறி மக்கிய உரம் சேர்த்தால் பிடிமானம் கூடும்.

தொட்டி ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு, இலை நுனி கருகல்

போர் தண்ணீரின் உப்பு. இதைத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று நினைத்து அதே தண்ணீரை இன்னும் ஊற்றுவார்கள், உப்பு இன்னும் ஏறும். மேல் பொருக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, மழை வரும்போது தொட்டிகளை வெளியே இழுத்து வையுங்கள். மழை இல்லாத மாதங்களில் ஏசி குழாயில் வடியும் தண்ணீரைப் பிடியுங்கள். அதில் உப்பு இல்லை. சென்னைப் புழுக்கத்தில் தாராளமாக வடியும். குடிக்க ஆகாது, செடிக்கு நல்லது.

சொட்டுநீரில் ஒரு செடிக்கு வருகிறது, அடுத்ததற்கு வரவில்லை

வரிசையின் கடைசி மூடியைக் கழற்றி ஒரு நிமிஷம் தண்ணீரை விடுங்கள், சேறு வெளியே வரும். அப்புறம் வடிகட்டியைக் கழுவுங்கள். அப்படியும் வராத சொட்டிகளை வினிகரில் ஊறவைக்கலாம். சரிசெய்த பின் ஒவ்வொன்றுக்கும் அடியில் டம்ளர் வைத்து 15 நிமிஷம் பிடித்துப் பாருங்கள். மணிக்கு 4 லிட்டர் சொட்டி என்றால் ஒரு லிட்டர் விழ வேண்டும், அதனால் டம்ளர் சின்னதாக இருந்தால் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

குளித்த தண்ணீரைத் திருப்பிவிட்டேன், நாற்றம் அடிக்கிறது

தேங்கினால் நாறும். ஒரு நாளைக்கு மேல் எதிலும் சேர்த்து வைக்கக் கூடாது, கொசுவும் வரும். கொல்லையில் வாழையும் சேம்பும் வைத்து அதற்குள் விட்ட பழைய ஏற்பாடு இன்றும் சரிதான், கல்வாழையும் சேர்த்துக்கொள்ளலாம். சமையலறைத் தண்ணீரில் எண்ணெயும் சோற்றுப்பருக்கையும் இருக்கும், அதைத் தனியே விடுங்கள். துணி துவைத்த முதல் தண்ணீர் சாக்கடைக்கு, அலசிய தண்ணீர் வாழைக்கு. சோப்புத்தூளின் சோடியம் மண்ணை இறுக்கும், ஆகவே இடத்தை மாற்றி மாற்றி விட வேண்டும். கீரைப்பாத்தி பக்கம் மட்டும் விடாதீர்கள்.

நல்ல மழை, ஆனால் கிணறும் போரும் ஏறவில்லை

1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் விழும். சென்னைக்கு ஆண்டு மழை ஏறக்குறைய 140 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், நனைந்து ஆவியாகி வீணானது போகவும் ஒரு லட்சம் லிட்டர் கையில் நிற்கும். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசர அவசரமாகக் கட்டிய தொட்டிகள் பல அதன்பிறகு திறக்கப்படவே இல்லை.

மழை பெய்யும்போதே குடையைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். மாடியிலேயே தண்ணீர் நின்றால் வடிகுழாய் வாயில் சருகு. வடிகட்டும் தொட்டி நிரம்பித் தெருவுக்கு வழிந்தால் மேல் மணலில் வண்டல் படிந்து அடைத்திருக்கிறது. மேலே இருக்கும் மணலை அள்ளிக் கழுவிப் போடுங்கள், கீழே உள்ள ஜல்லியை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும். மழை விட்டு இரண்டு நாளாகியும் உறிஞ்சுகுழியில் தண்ணீர் நின்றால் அடியில் களிமண். குழியை அகலமாக்கிப் பிரயோஜனமில்லை, களிமண்ணைத் தாண்டி மணல் அடுக்கு வரை துளை போட வேண்டும். மழைக்குப் பின் போர் தண்ணீர் கலங்கியோ நாறியோ வந்தால் மாடித் தண்ணீர் வடிகட்டாமல் நேராக இறங்குகிறது. அந்த இணைப்பை உடனே துண்டித்து, நடுவில் வடிகட்டி வையுங்கள். பருவத்தின் முதல் ஒன்றிரண்டு மழையை வெளியே விட ஒரு தனி வால்வும் வேண்டும், பறவை எச்சமும் தூசியும் அதோடு போய்விடும். இந்த வேலைகளை எல்லாம் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பிளம்பர் கிடைப்பது கஷ்டம்.